அவன் படகிடம்தான் பேசினான்

என் தங்கையின் கணவனுக்கும் எனக்கும் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் சின்னது என்பார்கள். எனக்குச் சின்னதில்லை. என் மகளின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால், "எங்க மச்சான் தேயிலை மெஷினுக்கு மட்டுந்தான் ஃபிட்டரு. வேற மெஷினப் பாத்தா ஓடி ஒளிஞ்சிக்குவாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியும் சிரித்தார். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். கொழுந்தை உருட்டுகிற மெஷின் ஒன்றுகூட என் கை படாமல் ஓடியதில்லை. ஓய்வு கொடுத்தார்கள். கூடவே, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டை மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லி ஒரு கடிதமும் கொடுத்தார்கள். தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்டிருந்தார். முகத்தைத்தான் காட்டவில்லை.

அந்த நேரத்தில் ரிங்லெட் ஏரியில் குப்பை அள்ளும் கான்ட்ராக்ட் எடுத்திருந்த சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, என்னைக் கூப்பிட்டார். மழை பெய்தால் மேலே உள்ள காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். நீளமான ஃபைபர் படகு ஒன்று வாங்கியிருந்தார். அதன் வயிற்றுக்குள் இரண்டு டீசல் எஞ்சின்களை இறக்கிப் பொருத்த வேண்டும். ஒழுங்காக ஓடினால் எனக்கு நிரந்தர வேலை, தங்க வீடு. நான் அதுவரை படகில் ஏறியதுகூட இல்லை. முடியும் என்று சொல்லிவிட்டேன்.

படகு ஓட்ட அவர் வைத்திருந்த ஆள் யாரென்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பங்கோர் தீவில் மீன்பிடிப் படகிலேயே கிடந்து, கல்யாணத்துக்குப் பிறகு மலையேறி வந்த என் தங்கை புருஷன்.

ஏரிக்கரைக் கொட்டகையில், மரக்கட்டைகள்மேல் படகை நிறுத்தி வைத்து வேலை செய்தோம். நேரில் பேச முடியாதே, அதனால் அவன் படகிடம் பேசினான். நான் ஸ்பானரிடம் பேசினேன். ஜாடை பேசுவதற்கு நம் ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? "ஏ போட்டு, ஒனக்கு எஞ்சின் மாட்ட வந்தவரு டீத்தூள் டாக்டரு" என்பான் அவன். "ஸ்பானரே, மீன் நாத்தம் தாங்கல லா" என்பேன் நான்.

எஞ்சினின் தட்டும், பின்னால் தண்ணீரைத் தள்ளும் விசிறிக்குப் போகும் ஷாப்டின் தட்டும் முகத்தோடு முகம் ஒட்டி நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் ஆட்டம் கண்டுவிடும். இது எனக்குத் தெரிந்த வேலை. இரண்டு நாள் மெல்லிய தகடு விட்டு அளந்து அளந்து, இரண்டு எஞ்சின்களையும் நேர்ப்படுத்தி போல்ட்டுகளை இறுக்கினேன்.

அவன் படகைத் தட்டிக்கொடுத்தான். "ஏ போட்டு, கட்டை மேல முறுக்குனதெல்லாம் கணக்குல சேராது. தண்ணியில எறக்குன பெறகு எல்லாத்தையும் கழட்டி மறுபடி அளக்கணும். சொன்னா யாரு கேக்குறா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் உழைப்பைக் கழற்றிப் போட வேண்டுமாம். தொழிற்சாலையில் நான் சிமெண்டில் உட்கார வைத்த மெஷின் பத்து வருடத்துக்கு அசையாது. இவனும் இவன் படகும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இன்னும் அரைச் சுற்றுக் கொடுத்தேன்.

மறுநாள் படகு ஏரியில் இறங்கியது. தவுக்கே கரையில் நின்றார். நடு ஏரி வரை ஆட்டமில்லாமல்தான் போனோம். அவன் வேகத்தைக் கூட்டியதும் படகு முழுக்க நடுங்கியது. பல் கிடுகிடுத்தது. ஷாப்ட் வெளியே போகும் இடத்தில் தீய்ந்த வாடை வந்தது. கட்டைமேல் நின்ற படகுக்கு ஒரு வடிவம், தண்ணீரில் மிதக்கும்போது வேறு வடிவம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் ஜாடையில் சொன்னது வேலைக்கான பேச்சு. நான்தான் அதை வசவாக எடுத்துக்கொண்டேன்.

அவன் வேகத்தைக் குறைத்தான். ஏன் இப்படி ஊர்கிறது என்று தவுக்கே கரையிலிருந்து மலாயில் கத்தினார். தீர்ந்தேன் என்று நினைத்தேன். ஆறு வருடமாகக் காத்திருந்தவனுக்கு வாய் திறக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

புது எஞ்சின், முதல் நாள் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்று அவன் மலாயில் பதில் கத்தினான். தவுக்கே தலையாட்டிவிட்டு லோரியில் ஏறிப் போய்விட்டார்.

படகைக் கரையில் கட்டியதும் நான்தான் முதலில் நேராகப் பேசினேன். "ஏன் அவருகிட்ட அப்படிச் சொன்ன?"

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஏ போட்டு, இந்த ஆளுக்கு வேல கெடைக்கலன்னா லயத்த காலி பண்ணிட்டு நேரா எங்க வீட்டுக்குத்தான் பெட்டியத் தூக்கிட்டு வருவாரு. தெனமும் இந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு யாரு சோறு திங்கிறது?" என்றான். ஸ்பானர் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டான்.

நாலைந்து நல்ல வசவுகள் என் நாக்கு நுனி வரை வந்தன. ஆனால் அன்று காலை நான் கிளம்பும்போது மனைவி, "இதுவும் இல்லன்னா எங்கங்க போறது?" என்று கேட்டிருந்தாள். "தங்கச்சி வீட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

ஸ்பானரை எடுத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் குனிந்தேன்.