ஆத்தாவின் உத்தரவு

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகள் எங்கள் ஊர் காஜா பெராங் கடைகளில் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்த சமயம் அது. அம்மாவின் வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் அறுத்துத்தான் எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, ஒப்பவில்லை.

"கத்தி பட்ட உடம்பு தேறாதுடா தம்பி."

"டாக்டரு சீக்கிரம் வரச் சொல்றாருக்கா."

"டாக்டரு என்ன, ஆத்தாவுக்கு அண்ணனா? அவகிட்ட பூ போட்டுக் கேளு."

அம்மாவும் அத்தை பக்கம்தான். மாரியம்மன் உத்தரவு கொடுக்காமல் வாசலைத் தாண்டமாட்டேன் என்று படுத்த படுக்கையில் இருந்தபடியே சொன்னாள்.

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் வாழையிலையில் தனித்தனியாகக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். சின்னப்பிள்ளை ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலம் கட்டுவது பூசாரியின் வேலை. அன்றைக்கு அப்பா, "நானே கட்டுறேன் சாமி" என்று வாங்கிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டினார்.

நான் கண்ணை மூடி எடுத்தேன். வெள்ளை நந்தியாவட்டை. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சரி, அவளே சொல்லிட்டா" என்றார்.

பெரியவர்கள் திருநீறு வாங்கப் போனபோது மற்றப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தேன். அதிலும் நந்தியாவட்டை! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, ஆத்தா ரெண்டையும் வெள்ளையாக்கிட்டா!"

அப்பா அதைப் பிடுங்கி உள்ளங்கைக்குள் கசக்கினார். முகம் செத்துப்போயிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாத தாயி."

மறுநாள் வாடகைக் காரில் அம்மா சிரித்துக்கொண்டேதான் போனாள். அறுவைக்குப் பிறகு கண் திறக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அத்தை ஒரே பேச்சுத்தான். "என் தம்பிமேல குத்தமில்ல. ஆத்தா உத்தரவு கேட்டுத்தான் அனுப்புனான். அவ கணக்கு நமக்கு எங்க புரியுது?" ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

அதன்பிறகு அப்பா கோயில் படி மிதிக்கவே இல்லை. நானும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன். இரண்டு முறை சரி என்று சொல்லிவிட்டு அம்மாவை எடுத்துக்கொண்டாளே என்று அம்மன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். அப்பாவுக்கும் அவள்மேல்தான் கோபம் என்று நினைத்து, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.