காணாமல் போகாத எழுத்துகள்

பிரிஜட்டின் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே கையெழுத்து அழகு. மாதா கோயில் பாடல் குழுவில் எல்லாருக்கும் பாட்டு எழுதிக் கொடுப்பது அவள்தான். அதே குழுவில் பாடிய இயேசுதாசன் டன்லப் ஸ்திரீட்டில் அச்சகம் தொடங்கியபோது அவளைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார். அவர் ஆர்டர் பிடிப்பார், உள்வேலை முழுக்க அவளுடையது.

எண்பதுகளின் நடுவில் அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் கிடைத்த தமிழ் எழுத்துகள் கண்ணுக்குச் சகிக்கவில்லை. சரி, நாமே செய்வோம் என்று பிரிஜட் உட்கார்ந்தாள். புள்ளி புள்ளியாக வைத்து, அழித்து, மறுபடி வைத்து, இரண்டு வருஷம் பாடுபட்டாள். ‘ழ’ ஒன்றுக்கே ஒரு தவக்காலத்தின் நாற்பது நாளும் போனது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு தனிப் பெட்டியில், ஹார்ட் டிஸ்க்கில், சேமித்து வைத்திருந்தாள். அவள் எழுத்தில் அச்சான கல்யாணப் பத்திரிகைக்கென்றே எல்லை தாண்டி ஜொகூரிலிருந்தும் ஆள் வந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டர் அந்தப் பெட்டியைக் கண்டுகொள்ளவில்லை. விளக்கு எரிந்தது. உள்ளே தட்டு சுழலும் சத்தமும் கேட்டது. ஆனால் திரையில் மட்டும் வரவே இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டினாள், வேறு கேபிள் போட்டாள். பெட்டியை மடியில் வைத்து டாக்சியில் தஞ்சோங் பகாருக்குப் போய், தோழி கமலாவின் அலுவலகக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

இயேசுதாசன் அவளுக்கு ஆறுதல் சொன்னார். டிஸ்க் செத்திருக்கும், வேறு எழுத்து வாங்கிச் சமாளிப்போம் என்றார். அன்று சாயந்திரம் ஓஃபிர் ரோடு மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனார். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதபோது பக்கத்திலேயே முழங்காலிட்டு ஜெபமாலை சொன்னார்.

மனசு கேட்காமல் மறுநாள் அவள், கம்ப்யூட்டர் வாங்கிய கடையில் இருந்த முகம்மது யூசுப்பிடம் பெட்டியைக் கொண்டுபோனாள். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. திருப்பி, பின்பக்கம் இருந்த சின்ன எண்ணைப் பார்த்தார்.

“நம்பர் மாறியிருக்குக்கா. மாட்டுற ஒவ்வொரு பெட்டிக்கும் தனி நம்பர் வேணும். இதுல கம்ப்யூட்டரோட சொந்த நம்பரையே வச்சிருக்காங்க. அப்புறம் எந்தக் கம்ப்யூட்டருக்கும் இது தெரியாது.”

பேனா முனையால் அழுத்தி எண்ணை மாற்றினார். திரையில் பெட்டி வந்தது. அவளுடைய எழுத்துகள் ஒன்றுகூடக் குறையவில்லை. பிரிஜட் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தாள். இது தானாக மாறுமா என்று கேட்டாள்.

“மாறாதுக்கா, யாராவது அழுத்தணும். உங்க பார்ட்னர்கிட்ட அன்னிக்கே சொன்னேனே. ரெண்டாவது டிஸ்க் வாங்க வந்தப்ப, எந்த நம்பர் வைக்கக்கூடாதுன்னு அவரே கேட்டாரு.”

அச்சகத்தில் இரண்டாவது டிஸ்க் எதுவும் இல்லை.

அவள் திரும்பி வந்தபோது இயேசுதாசன் ஒரு வாடிக்கையாளரை அனுப்பிக்கொண்டிருந்தார். அவள் பெட்டியை மாட்டி, கம்ப்யூட்டரைப் போட்டாள். எழுத்துகள் வந்தன. அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அவரே சொன்னார்: கேலாங்கில் ஒரு பெரிய அச்சகம் அவரைக் கூப்பிட்டிருக்கிறது, எழுத்தோடு வந்தால் மேனேஜர் வேலை. இரண்டாவது டிஸ்க்கில் எழுத்தை நகல் எடுத்தாயிற்று; இங்கே இருந்தது அழிந்துவிட்டது என்று அவள் நம்பிவிட்டால் பிறகு அது யாருடையது என்ற கேள்வி வராது என்று நினைத்திருக்கிறார்.

“எழுத்து யாருக்கும் சொந்தமில்லைலா, பிரிஜட். அ, ஆ எல்லாருக்கும் பொதுதானே?”

“எடுத்துட்டுப் போனதுகூடப் பரவாயில்லண்ணே. நான் அழுதப்ப பக்கத்துலேயே ஜெபமாலை சொன்னீங்களே, அது யாருக்காக?”

அவர் சட்டைப்பையிலிருந்து அச்சகச் சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அச்சகத்தைப் பிரிஜட் தனியாகவே நடத்தினாள். ஒரு வருஷத்துக்குள் கேலாங் அச்சகம் வழியாக அவளுடைய எழுத்து ஊரெல்லாம் பரவியது. மளிகைக்கடை விளம்பரம், கருமாதி அறிவிப்பு என்று எங்கே பார்த்தாலும் அதுதான். யாராவது அதைக் காட்டி இது உங்க எழுத்து மாதிரியே இருக்கே என்றால், ஆமாம் என்று மட்டும் சொல்வாள்.

கோயில் பங்கில் யாரிடமும் அவள் நடந்ததைச் சொல்லவில்லை. பாடல் குழுவிலிருந்து நின்றுகொண்டாள். ஞாயிறு பூசைக்கு வீட்டுக்குப் பக்கத்து இங்கிலீஷ் வழிபாட்டுக் கோயிலுக்குப் போகத் தொடங்கினாள். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, பஸ் ஏற வேண்டியதில்லை என்றாள்.