பருப்புக் கையோடு எழுந்தவர்

முதலில் ஒரு வெட்கங்கெட்ட காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். தங்கராஜ் அண்ணன் இறந்துவிட்டார் என்று அவருடைய மைத்துனர் போனில் சொன்னபோது, என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "ஐயோ, அப்போ நம்ம ஏசிக்கு கேஸ் அடிக்க வியாழக்கிழமை யாரு வருவா?" என்பது. அவர், "அடக்கம் நாலு மணிக்கு சாரே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாளைக்கு நாலு தடவை பின்வாசலுக்குப் போய் கேஸ் சிலிண்டர் அடைத்திருக்கிறதா என்று திருகிப் பார்க்கிறேன். "போனவரு அதுக்குள்ளயா ஒளிஞ்சிருக்காரு?" என்கிறாள் மனைவி. உட்கார்ந்து எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன். வியாபாரிகள் சங்கத்திலும் அவருடைய நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள்.

இரணியல் பக்கம் அவரை அறியாத வீடு குறைவு. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சவுதியில், தம்மாமில் பதினேழு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். குளிருக்கு ஏசி, சூட்டுக்கு கேஸ் கீசர், இரண்டையும் மாட்டுவார். நெஞ்சு வரைக்கும் தாடி. ஆனால் பையில் எப்போதும் ஒரு ஷேவிங் பிரஷ்ஷும் சோப்பு டப்பாவும் இருக்கும். குழாய் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் நுரை பூசி, எங்கேயாவது குமிழ் கிளம்புகிறதா என்று மூக்கு முட்டக் குனிந்து பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு ஏசி மாட்ட வந்த முதல் நாளே நான் வாயைக் கொடுத்தேன்.

"அண்ணே, குழாய்க்கெல்லாம் ஷேவிங் பண்ணுதியளே, ஒங்களுக்கு எப்போ?"

"எனக்க தாடில ஓட்டை இருந்தா ஆருக்கும் சேதம் இல்ல சாரே" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பிறகு மகளுக்குக் கல்யாணம் வந்தது. பெங்களூரில் நடந்தது. மாப்பிள்ளை அங்கேயே பிறந்து, அங்கேயே படித்தவர். பச்சைத் தண்ணீரில் குளித்தால் மூன்று நாள் தும்முவார் என்று மகள் எச்சரித்திருந்தாள். மறுவீட்டுக்கு எங்கள் ஊருக்கு வருகிறார்கள் என்றதும், கடையிலேயே விலை கூடிய கேஸ் கீசரை வாங்கினேன். முகப்பில் கண்ணாடி, அதில் சிவப்பு எண்ணில் சூடு தெரியும். மாப்பிள்ளை கண்ணில் படாவிட்டால் அதை வாங்கி என்ன பிரயோசனம்? குளியலறைக்குள்ளேயே மாட்டச் சொன்னேன்.

அண்ணன் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். அங்கே ஒரே ஒரு வெண்டிலேட்டர். பக்கத்து மாடிக்காரர்கள் பார்த்துவிடக் கூடாது என்று அதை நான் காலண்டர் அட்டையால் அடைத்திருந்தேன். ஊரே திரண்டு வந்து பார்க்கிற உடம்பு பாருங்கள்.

"உள்ள மாட்ட மாட்டேன்."

"ஒரு பெட்டி அண்ணே. அது என்ன செய்யும்?"

"எரியதுக்கு காத்து வேணும். இந்தக் குச்சுக்குள்ள கெடக்க காத்த அது தின்னுட்டு, மிச்சத்த விஷமாக்கிரும். சிலிண்டர் கசிஞ்சா நாறும், மூக்கு சொல்லித் தரும். இந்த விஷத்துக்கு நாத்தமும் கெடையாது, மணமும் கெடையாது. ஆளு ஒறங்குன மாதிரி போயிருவான், கேட்டேரா?"

"மாப்பிள்ள குளிக்கது பத்து நிமிசம்."

"சாரே, மாப்பிளைக்கு சூடுவெள்ளம் வேணுமா, ஒமக்கு மாப்பிள வேணுமா?"

பின்பக்கத்து வெளிச்சுவரில் மழை படாமல் தகரம் வைத்துப் பெட்டியை மாட்டினார். சூடான தண்ணீர் மட்டும் குழாய் வழியாக உள்ளே வந்தது. நுரை பூசினார், பார்த்தார், துடைத்தார். போகிற போக்கில் காலண்டர் அட்டையையும் பிய்த்துக்கொண்டு போனார்.

மறுவீட்டுக்கு முந்தின நாள், நான் வேறொரு ஆளைப் பிடித்துப் பெட்டியைக் கழற்றி உள்ளே மாட்டினேன். சிலிண்டர் வெளியிலேயே இருந்தது. புதிதாக ஒரு காலண்டர் அட்டையும் ஒட்டினேன்.

அன்று ரயில் மூன்று மணி நேரம் தாமதம். மாப்பிள்ளை வந்ததும் குளிக்கப் போனார். சர்க்கரை வியாதிக்காரர்கள் பொறுக்க மாட்டார்கள் என்று பின்புறப் பந்தலில் முதல் பந்தியைப் போட்டுவிட்டோம். அண்ணனையும் அழைத்திருந்தேன். என் புத்தியை நீங்களே மெச்சிக்கொள்ளுங்கள். அவருடைய இலை சரியாக அந்தச் சுவருக்கு எதிரே விழுந்தது. பருப்பில் நெய் விட்டுப் பிசைந்தவர் தலை நிமிர்ந்தார். சுவரில் நாலு ஓட்டைதான் இருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த என்னைக் கிட்டே அழைத்து, காதோடு கேட்டார்.

"சாரே, பெட்டி எங்க?"

"உள்ள... ஒரு அழகுக்கு..."

"மாப்பிள எங்க?"

"குளிக்காரு."

மறுவீட்டுப் பந்தியில் பாதி இலையில் எழுந்தால், இந்தச் சம்பந்தம் விளங்காது என்று சொன்ன மாதிரி. "வேய், ஒக்காரும்! என்ன அவலட்சணம் இது?" என்று என் அத்தான் கத்தினார். அண்ணன் பருப்புக் கையோடு போய் சிலிண்டரை அடைத்தார். வீட்டுக்குள் ஓடிக் குளியலறைக் கதவைத் தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. தோளால் இடித்தார், தாழ்ப்பாள் பிய்ந்தது. மாப்பிள்ளை வாளிக்குப் பக்கத்தில், தலை நிறைய சோப்போடு சுவரில் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. எங்களைப் பார்க்கவில்லை.

துண்டைச் சுற்றி, தூக்கிக் கொண்டுபோய் முற்றத்துக் காற்றில் கிடத்தினோம். கொஞ்சம் பொறுத்து, "தலை சுத்துச்சு மாமா... டிராவல் பண்ணதாலன்னு நெனச்சேன்" என்றார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கார் வந்து நின்ற நேரத்தில்தான் அத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "ஆரு வேய் இத உள்ள மாட்டுனது?"

மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதை இன்றுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஊரையே பேசித் தீர்க்கிற என் வாய் அன்று ஒட்டிக்கொண்டது.

"நாந்தான் மாட்டினேன். எனக்க பிழை" என்றார் அண்ணன். கையில் பருப்பு காய்ந்துபோயிருந்தது.

மாப்பிள்ளையைக் கொல்லப் பார்த்தவர் என்று பெயராயிற்று. இரண்டு வருடம் எங்கள் தெருவில் ஒரு வீடும் அவரைக் கூப்பிடவில்லை. நான் மட்டும் கூப்பிட்டேன். அதை என் பெருந்தன்மை என்று தெரு பாராட்டியது. நானும் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டேன்.

பெட்டியைப் பழைய நாலு ஓட்டையிலேயே மறுபடி மாட்டியவரும் அவர்தான். நுரை பூசிக்கொண்டிருந்தவரிடம், "ஏன் அண்ணே அப்படிச் சொன்னிய?" என்று கேட்டேன்.

"எனக்கு இந்தத் தெருவு போனா அடுத்த தெருவு உண்டு. ஒம்ம மருமவனுக்கு மாமனாரு நீரு ஒருத்தருதான?" என்றார். பிறகு பிரஷ்ஷை உதறினார். "ஆனா ஒருநா அவருகிட்ட நீரே சொல்லணும். எனக்க பேரு அவரு வாயில அப்பிடிக் கெடக்கப்பிடாது."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஏசியைப் பார்க்க வருவார். "சொன்னீரா?" என்பார். "தீபாவளிக்கு வாராரு, அப்போ சொல்லுதேன்" என்பேன். ஐந்து தீபாவளி போய்விட்டது.

அடக்கத்தன்று அவர் வீட்டுச் சுவர் ஆணியில் அந்தப் பை தொங்கியது. வாய் திறந்திருந்தது. உள்ளே பிரஷ், மயிர்களில் நுரை காய்ந்து வெள்ளையாக. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மாப்பிள்ளை போனில் வந்தார்.

"அன்னைக்கு தப்பா மாட்டினாரே, அவரா மாமா? பாவம்."

"ஆமா" என்றேன். அண்ணனைக் கிடத்தியிருந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு, "ஆமா" என்றேன்.

ஆகவே இங்கே, அச்சில், பெயர் போட்டு எழுதுகிறேன். மாப்பிள்ளை, உங்களைக் கொல்லப் பார்த்தது நான். கதவை உடைத்தது அவர். தங்கராஜ் அண்ணே, சொல்லிவிட்டேன். இனி கையைக் கழுவிவிட்டு, நிம்மதியாகப் போய் வாருங்கள்.

மலரில் ஒரு பிரதியை மாப்பிள்ளை பெயருக்கே பெங்களூருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவர் தமிழ் நன்றாகப் பேசுவார். வாசிக்கத் தெரியாது.