தெற்கே பார்த்த இங்கிலாந்து வீடு

போன சனிக்கிழமை, நியூசிலாந்தில் நாங்கள் இருக்கும் ஆக்லாந்து நகரத்தின் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் ஒரு வீடு பார்த்தோம். அன்றிலிருந்து எனக்குக் கிழக்கு எது, மேற்கு எது என்றே புரியவில்லை!

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டை ஓனர் விற்றுவிட்டார். இந்த முறை சொந்த வீடுதான் என்று என் மனைவி கோகிலா ஒற்றைக்காலில் நிற்கிறாள். இந்த வீடு அவளுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போனது. வரும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அச்சு அசல் இங்கிலாந்துக் கிராமத்து வீடு. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள், சின்னச் சின்ன ஜன்னல்கள், பெரிய செங்கல் புகைபோக்கி. கூரை செங்குத்தாகச் சரிகிறது — பனி வழுக்கி விழுவதற்காம். ஆக்லாந்தில் பனி எங்கே பெய்கிறது? அந்தக் காலத்தில் குடியேறிய ஓர் ஆங்கிலேயர் தன் ஊர் வீட்டை அப்படியே இங்கே எழுப்பிவிட்டாராம்.

வீட்டைச் சோதிக்க சிவா அண்ணாவை அழைத்துப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், பில்டிங் இன்ஸ்பெக்டர். ஹாலில் பட்டப்பகலிலேயே லைட் போட வேண்டியிருந்தது. குளிர் வேறு.

"தம்பி, இங்கிலாந்தில வெயில் தெற்குப் பக்கத்தால வரும். அதால அந்த மனுசன் ஹோலைத் தெற்குப் பக்கம் வச்சிட்டான். இஞ்ச, பூமியின்ர தெற்குப் பாதியில, வெயில் வடக்காலயெல்லோ வாறது!"

"அப்போ வடக்குப் பக்கம் என்ன இருக்கு?"

"டொய்லெட்," என்றார்.

போய்ப் பார்த்தேன். அடடா... வீட்டிலேயே அருமையான வெயில் அங்கேதான்! விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த மனிதர் ஒரு தடவையாவது அண்ணாந்து பார்த்திருக்கக் கூடாதா?

என் சிரிப்பெல்லாம் சாயங்காலம் வரைதான். சென்னையிலிருந்து கோகிலாவின் அண்ணன் வீடியோ காலில் வந்தார். வீட்டு பிளானை அவருக்கு அனுப்பியிருந்தோம். வாஸ்து பார்க்காமல் பைக்கைக் கூட நிறுத்தாத ஆசாமி. அவர் சரி என்றால்தான் கோகிலாவுக்கு மனசு ஒப்பும்.

"மாப்ளே, ஈசானி மூலையில டாய்லெட்டா? குடும்பம் விளங்குமா?"

"மச்சான், இங்க சூரியனே வடக்குப் பக்கமா போகுது. அப்போ வாஸ்துவும் மாறணும்ல?"

யோசித்தார். பிளானைத் தலைகீழாகப் பிடித்தார். டாய்லெட் தப்பித்தது, கிச்சன் மாட்டிக்கொண்டது. கண்ணாடியில் காட்டிப் பார்த்தார். கிச்சன் தப்பித்தது, படுக்கையறை மாட்டிக்கொண்டது. உங்களுக்காவது ஏதாவது புரிகிறதா? எனக்குத் தலை சுற்றியது.

கோகிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னண்ணா... இந்த வீடு வேணாம்னு சொல்றியா?"

பார்க்கவே எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

"இரும்மா," என்றார் அவர். "மாப்ளே, பிளானைத் திருப்பித் திருப்பி எனக்குத் திசையே குழம்பிடுச்சு. கடைசியா ஒண்ணு. வாசல் எதைப் பார்த்து இருக்கு?"

வாசல் தெற்கு. சொன்னால் கதை முடிந்தது. ஆனால் வாசலில் நின்றால், அதே தெற்கில், சரிவுக்குக் கீழே கடல் தெரியும். என் வாயில் அதுதான் வந்தது.

"கடலைப் பார்த்து, மச்சான்."

மெரினாவுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"கடலா? அட, இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன! கடல்னா கிழக்குதானே... கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க!"

கோகிலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன் — வாயையும்தான்.