மீன் புத்தகத்தில் விடுபட்ட பெயர்

திருகோணமலை நகரத்துப் பாடசாலையொன்றில் நான் நூலகப் பொறுப்பாசிரியை. பதினைந்து வருடங்களாக அங்கே நான் அதிகம் செய்த வேலை போட்டோக்கொப்பி எடுப்பதுதான். புத்தகம் ஒன்று, பிள்ளைகள் நாற்பது பேர் என்றால் வேறு என்ன செய்வது? ஒரு புத்தகத்தை மட்டும் முழுதாகவே வருடா வருடம் படியெடுத்துத் தைத்துக் கொடுத்து வந்தேன். கொட்டியாரக் குடாவின் மீன்களைப் பற்றிய சின்னப் புத்தகம் அது. பக்கத்துக்கு ஒரு மீன், ஒரு படம், எங்கள் ஊர்ப்பக்கத்தில் அதற்கு வழங்கும் பெயர், எந்தக் காலத்தில் எந்த வலையில் படும் என்ற விவரம். வாசிக்கச் சோம்பல்படும் பிள்ளைகூட முரல் மீனின் ஊசி வாயைக் கண்டதும் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டத் தொடங்கிவிடும். அதை வெளியிட்ட வாசகர் வட்டம் கலைந்து எவ்வளவோ காலமாகிறது. எங்களிடம் இருந்த ஒரே பிரதியின் கடைசிப் பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது.

நூலகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பதிப்புரிமை பற்றி ஒருநாள் பயிற்சி என்று கடிதம் வந்தது. யாரோ என்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். பயிற்சி நாளன்று பின்வரிசைக் கதிரையில், தூணுக்குப் பின்னால் போய் இருந்தேன்.

பயிற்சி நடத்த வந்தவர் மட்டக்களப்பைச் சேர்ந்த இளம் சட்டத்தரணி. எதைச் செய்யக் கூடாது என்ற பட்டியலோடு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ எதையெல்லாம் செய்யலாம் என்பதிலிருந்து தொடங்கினார். பாடத்துக்கு வேண்டிய சிறு பகுதியை, எழுதியவர் பெயரையும் எடுத்த இடத்தையும் போட்டு வகுப்பில் பயன்படுத்தலாம். கடையில் கிடைக்காத புத்தகம் பழுதாகிப்போனால் நூலகம் தன் தேவைக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். எழுதியவர்களே ‘எடுத்துப் பயன்படுத்துங்கள்’ என்று அனுமதி கொடுத்து இணையத்தில் போட்டிருக்கும் சிறுவர் கதைகள் இருக்கின்றன. அவற்றை இறக்கலாம், அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். அவர் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டக் காட்ட எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் நூலகத்தில் கதைப் புத்தகங்களுக்கு இரண்டே இரண்டு தட்டுத்தான். ஒரு மத்தியானத்துக்குள் இரண்டு அலுமாரி நிறைந்துவிட்டது போலிருந்தது.

தேத்தண்ணி நேரத்தில் மீன் புத்தகத்தைக் கொண்டுபோய் அவரிடம் காட்டி, நான் இவ்வளவு நாளும் செய்ததை ஒளிக்காமல் சொன்னேன். நூலகத்துக்கு ஒரு பிரதி சரி, முழுப் புத்தகத்தையும் நாற்பது பேருக்குக் கொடுத்தது சரியில்லை என்று அவரும் ஒளிக்காமல் சொன்னார்.

“ஆனா உரிமைக்காரரைத் தேடிக் கேட்டுப் பாருங்க, ரீச்சர். ஒருத்தரும் கேக்கிறதில்ல, அதுதான் பிரச்சினை. கேட்டா மாட்டெண்டு சொல்றவங்க குறைவு.”

புத்தகத்தில் கிண்ணியாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியரின் பெயர் இருந்தது. அவர் காலமாகிவிட்டார் என்றும், மகள் அங்கே பாலர் பாடசாலை நடத்துகிறார் என்றும் கூட வேலை செய்யும் கிண்ணியா ஆசிரியை ஒருவர் விசாரித்துச் சொன்னார். அடுத்த சனிக்கிழமையே பஸ் ஏறிக் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டினேன்.

மகள் என் தையல் பிரதியைக் கையில் வாங்கி, அதன் மூலைகள் பிள்ளைகளின் விரல் பட்டுக் கறுத்திருப்பதைப் பார்த்தார். வாப்பாவின் புத்தகத்தை இன்னும் படிக்கிறார்களா என்று இரண்டு தரம் கேட்டார். புத்தகத்தை அச்சடித்துக் கொடுக்க அனுமதி கேட்க நான் மனதுக்குள் தயாரித்து வைத்திருந்த வசனம் பாதியில் நிற்க, “அதுக்கென்ன, தாராளமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு மட்டைக் கோப்பை எடுத்துவந்தார். கையெழுத்துப் பிரதி. அதன் அடியில் அத்தனை மீன்களின் மூலப் படங்களும், கறுப்பு மையில். செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒவ்வொரு படத்தின் கீழ் மூலையிலும், பெயரின் முதலெழுத்துகள் போல, இரண்டு எழுத்துகள் இருந்தன. அச்சில் அந்த மூலையை வெட்டியிருந்தார்கள்.

“படம் வாப்பா கீறல்ல” என்றார் மகள். “சம்பூர் மீனவர் சங்கத்துல கிளாக்கா இருந்த ஒரு அக்கா கீறின. மீன் பேர் கேட்டு எழுதப் போன இடத்துலதான் வாப்பா அவவக் கண்டது. புத்தகம் வந்தா அவட பேரக் காணல்ல. வாப்பாக்கு மௌத்தாகும் வரைக்கும் அது ஒரு குறைதான்.”

பஸ்ஸுக்கு நின்றபடியே சட்டத்தரணிக்குத் தொலைபேசி எடுத்தேன். எழுத்துக்கு மகளின் சம்மதம் போதும், படங்கள் கீறியவருக்குச் சொந்தம், அவரைக் கேட்காமல் ஒரு பக்கமும் அச்சடிக்க வேண்டாம் என்றார். சோர்ந்திருக்க வேண்டும் நான். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரு புது ஊரைக் கண்டுபிடித்த சந்தோஷம்தான், புளுகம்தான் இருந்தது. அந்தப் புத்தகத்துக்குள் இன்னொரு ஆள் இருந்திருக்கிறார். பதினைந்து வருடமாக எனக்குத் தெரியாது.

யுத்தத்தில் சம்பூரிலிருந்து எல்லோரும் வெளியேறிப் போனபோது அவரும் போயிருக்கிறார். திரும்பிக் குடியேறியவர்களில் அவர் இல்லை. சங்கத்தின் பழைய ஆட்களைத் தேடி நான் சம்பூருக்கு இரண்டு முறை போனேன். இரண்டாம் முறை கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர், படம் கீறுகிற பிள்ளையா, அவ பாலையூற்றில் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறா என்று தலை நிமிராமலே சொன்னார். எங்கள் பாடசாலையிலிருந்து முச்சக்கரவண்டியில் போகும் தூரம்!

ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மெலிந்த பெண். தையல் மெஷினை நிறுத்தாமலே, அளவு கொண்டுவந்தீங்களோ என்று கேட்டார். நான் கிண்ணியாவிலிருந்து இரவலாக வாங்கி வந்த படங்களை வெட்டு மேசையில் வைத்தேன். மெஷின் நின்றது. கையைச் சீலையில் துடைத்துவிட்டு ஒரு படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மற்றப் படங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு சொன்னார்:

“திருக்கையைத் தலைகீழா அச்சடிச்சவங்கள். தெரியுமோ உங்களுக்கு?”

நான் என் பிரதியைப் பிரித்துப் பார்த்தேன். உண்மைதான். வால் மேலே, தலை கீழே. அதைப் பார்த்துப் பார்த்து எத்தனை வகுப்புக்குப் படிப்பித்திருக்கிறேன்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். சொந்தப் பிரதியும் மற்றக் கீறல்களும் ஊரை விட்டு ஓடியபோது வீட்டோடு போய்விட்டதாகவும், பிறகு தான் பென்சிலைத் தொடவில்லை என்றும் சொன்னார். நான் எந்தப் பாடசாலை என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு நின்றது.

“என்ர மகளும் அங்கதான் படிச்சவள். இந்தக் கொப்பியை ஒருநாள் வீட்டை கொண்டுவந்தவள். இது நான் கீறினதெண்டு சொன்னனான். அவள் போய் உங்களிட்டச் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லக் கூடாதெண்டு நீங்கள் ஏசினீங்களாம்.”

எனக்கு அந்தப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வரவில்லை. ஆனால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடியவள்தான் நான். புத்தகத்தில் இல்லாத பெயரை ஒரு பிள்ளை சொன்னால் யார் நம்பியிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லப் பார்த்தேன். அது எடுபடவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

“என்னட்டக் கேக்காதேங்கோ. அவளிட்டச் சொல்லுங்கோ” என்று தொலைபேசியை எடுத்து மகளை அழைத்தார்.

மகள் இப்போது ஒரு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். வெள்ளைக் கோட்டோடு திரையில் வந்தாள். நீ அன்றைக்குச் சொன்னது உண்மை, நான்தான் பிழை விட்டேன் என்று சொன்னேன். அவள் தாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“இப்ப அம்மான்ர பேர் போடுவீங்களோ, ரீச்சர்?”

“ஓம். அதைக் கேக்கத்தான் வந்தனான்.”

தாய் இரண்டு நிபந்தனை வைத்தார். எழுதியவர் பெயர் எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில் அட்டையில் தன் பெயரும் வர வேண்டும். திருக்கையைத் தான் திரும்பக் கீறித் தருவார், பழையதைப் போடக் கூடாது. சட்டத்தரணியின் உதவியோடு நான் எழுதி வைத்திருந்த சம்மதக் கடிதத்தை வரி வரியாக வாசித்தார். எந்தப் பாடசாலையும் நூலகமும் படியெடுக்கலாம், புதிதாகச் சேர்க்கலாம். விற்க ஏலாது, பெயர்களை எடுக்க ஏலாது. கடைசி வரியை இரண்டாம் முறையும் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

பிறகு நடந்ததெல்லாம் ஒரே ஓட்டம். எங்கள் கணினி ஆசிரியர் படங்களை ஸ்கேன் செய்தார். நானும் இரண்டு ஆசிரியைகளும் இடைவேளைகளில் எழுத்தைத் தட்டச்சு செய்தோம். கறையான் தின்ற பக்கங்களைக் கையெழுத்துப் பிரதியிலிருந்து மீட்டோம். புதிய திருக்கை வந்த அன்று கணினி அறையில் எல்லோரும் எழும்பி நின்று பார்த்தோம், அவ்வளவு அழகு. புத்தகத்தை இணையத்தில் போட்ட வாரமே எனக்கு முன்பின் தெரியாத ஆசிரியர்களிடமிருந்து செய்திகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு செய்தியையும் நான் பாலையூற்றுக்கும் கிண்ணியாவுக்கும் உடனுக்குடன் அனுப்பினேன். சில நாள் சோறு ஆறிப்போகும்வரை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இலங்கைத்துறையிலிருந்து ஓர் ஆசிரியர், தங்கள் கரையில் படும் ஐந்து மீன்கள் புத்தகத்தில் இல்லை, சேர்க்கலாமா என்று கேட்டு, புகைப்படங்களையும் அனுப்பியிருந்தார். சேர்க்கலாம் என்று கடிதத்திலேயே இருக்கிறது என்றேன். படம் கீறுகிறவர்தான் மறுத்தார். புகைப்படத்தில் செதில் விளங்காது, மீனைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் நானும் அவரும் மூதூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். கிண்ணியாவில் எழுதியவரின் மகள் இடியப்பப் பார்சலோடு ஏறிக்கொண்டார். அவர்கள் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தது அந்த பஸ்ஸில்தான். மூதூர் வரும்வரை வாப்பாவைப் பற்றித்தான் கதை. இலங்கைத்துறையில் தோணி வந்து நின்றதும் படம் கீறுகிறவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் எங்களுக்கு முன்னால் ஓடினார். தோணிக்காரர் ஒரு மீனைத் தூக்கிக் காட்டிப் பெயர் சொன்னார். சுற்றி நின்ற பிள்ளைகள் அது இல்லை என்று வேறு பெயர் சொன்னார்கள். எதை எழுதுவது என்று நான் கேட்டேன்.

“ரெண்டையும் எழுதுங்கோ” என்றார் படம் கீறுகிறவர், மீனிலிருந்து கண் எடுக்காமல். அவருடைய பென்சில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.