ஆறிய புண் என்று நம்பியிருந்தோம்

குற்றாலத்தில் சீசன் டூட்டியில் இருந்தேன். பாறையில் வழுக்கி விழுந்த ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது தென்காசி ஆஸ்பத்திரி வேன் டிரைவர் வந்து நின்றார். "நர்ஸம்மா, மதுரையிலிருந்து போன் வந்துச்சு. கோமதியம்மா போயிட்டாங்களாம்." கட்டை முடித்தேன். கையைக் கழுவினேன். அதற்குப் பிறகுதான் அவர் சொன்னது எனக்குள் இறங்கியது. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்களே, அதற்குள் எப்படி என்று அவரிடமே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

கோமதியோடு வார்டில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவள் சாப்பாடு தெரியும். சிறு பிள்ளையாகக் கடையத்தில் இருந்தபோது, வீட்டில் சோப்புக் காய்ச்சக் கரைத்து வைத்திருந்த காஸ்டிக் சோடாக் காரநீரை மோரென்று குடித்துவிட்டாள். உயிர் தப்பியது. உணவுக்குழாய் வெந்து, தழும்பாகிச் சுருங்கிவிட்டது. பிறகு வாழ்நாளெல்லாம் கஞ்சியும் குழையப் பிசைந்த சோறும்தான். பந்தியில் கடைசியாக எழுவாள். கேலி செய்தால், "எனக்கு வாசல் சின்னதுட்டீ, ஒவ்வொரு பருக்கையாத்தான் வர முடியும்" என்று சிரிப்பாள். அடைத்துக்கொண்டால் மதுரைக்குப் போய்க் குழாய் விட்டு விரித்துக்கொண்டு வருவாள். வந்த கையோடு வார்டில் நிற்பாள்.

இந்தச் சித்திரையில் கஞ்சியும் இறங்கவில்லை. வழக்கமான அடைப்பு என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். துணைக்குப் போனேன். இந்த முறை டாக்டர் விரிக்கவில்லை. துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் என்று முடிவு வந்தது. அவளுக்கு நாற்பதுகூட நிறையவில்லை.

"அந்தக் காரம் இன்னுமா உள்ள இருக்கு டாக்டர்?" என்று கேட்டாள்.

"காரம் அன்னைக்கே போயிடுச்சும்மா. புண்தான் போகலை. சாப்பாடு தேங்கித் தேங்கி, அந்த இடத்திலே அழற்சி அடங்கவே இல்லை. வருஷக்கணக்கா அழியறதும் வளர்றதுமா இருந்த சதை, ஒரு கட்டத்திலே தன் குணத்தையே மாத்திக்கிடுச்சு."

நாங்கள் இருவரும் நர்ஸுகள். இருந்தும் ஆறிய புண் என்றே நம்பியிருந்தோம்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்து அவளை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நான் ஊருக்குப் புறப்பட்டபோது கையைப் பிடித்தாள். "புளியங்குடிப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பாரு. நல்லாயிட்டுன்னு விட்டுராத" என்றாள். போன வருஷம் காரநீர் குடித்துவிட்டு வந்த சிறுமி அது. தாய் பதறிப்போய், பிள்ளையின் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியெடுக்க வைக்கப் பார்த்தாள். "வேண்டாம்ட்டீ! இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும்" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து பிள்ளையை வாங்கியவள் கோமதி.

நேற்று அந்தத் தாய் பிள்ளையோடு தானாகவே வார்டுக்கு வந்து நின்றாள். "அந்த நர்ஸம்மா எங்கம்மா? எம்பிள்ளை இப்ப இட்லி திங்குது. அவங்ககிட்ட காட்டணும்னு கூட்டிட்டு வந்தேன்."

சொன்னால் பயந்துபோவாள். சொல்லாவிட்டால் இனி வரமாட்டாள். பெஞ்சில் உட்காரவைத்து, கோமதிக்கு நேர்ந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவள் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு அழுதாள்.

"வருஷா வருஷம் கொண்டாரணுமா?"

"ஆமா. இவ கல்யாணமாகிப் பிள்ளை பெத்த பிறகும் வரணும்."

"கொண்டாருதேன்" என்றாள்.

கோமதி எனக்கென்று விட்டுப்போனது இந்தப் பிள்ளையைத்தான். நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் இவளைக் கூப்பிட்டுப் பார்ப்பேன்.