கழுத்தை மட்டும் சுருக்கும் அச்சு

அறுபதுகளில், வீட்டில் ரைபிள் தோட்டா நிரப்புவதற்கு எழுத்தில் அனுமதி பெற்று வைத்திருந்தவன் நான். அரசாங்கக் கந்தோரில் அனுமதிப்பத்திரப் பகுதியில் வேலை. எந்த விண்ணப்பம் எந்த மேசையில் தூங்கும் என்பது எனக்குத் தெரியும். என்னுடையது தூங்கவில்லை.

வெடித்த தோட்டாவின் பித்தளைக் கோது, அதைச் சுட்ட துவக்கின் தோட்டா அறைக்கு ஏற்ப வீங்கிவிடும். மீண்டும் நிரப்புமுன் அதை ஓர் அச்சில் செலுத்திச் சுருக்க வேண்டும். அச்சு இரண்டு வகை. ஒன்று கோதை முழுவதும் சுருக்கி, அதே அளவுள்ள எந்த ரைபிளுக்கும் பொருந்தச் செய்யும். மற்றது கழுத்தை மட்டும் சுருக்கும். கோது நெடுநாள் உழைக்கும், குறியும் திருத்தமாக இருக்கும்; ஆனால் முன்பு வெடித்த ரைபிளில்தான் அதைத் திரும்பவும் போடலாம். கொழும்புக் கடையிலிருந்து வந்த விலைப்பட்டியலில் இந்தக் கடைசி விஷயம் பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தை வாசிப்பதுதான் என் உத்தியோகம். வாசித்தேன். முழு அச்சு கண்டபடி சுடுகிறவர்களுக்கு என்று தீர்மானித்துக் கழுத்து அச்சை வரவழைத்தேன்.

கலியாணம் முடித்து எங்கள் வழமைப்படி மனைவி வீட்டில் இருந்தேன். அவளுடைய சீதனக் காணி கிரான் பக்கத்து வயல் வட்டையில். அதில் வேளாண்மை செய்தது அவளுடைய தம்பி, என் மச்சான். அவனிடமும் என்னுடையதைப் போலவே ஒரு ரைபிள். யானைக்கு இருக்கும் வட்டைக் காவலில் என் தோட்டா, உன் தோட்டா என்ற பேச்சில்லை. காவல் பரணில் ஒரு தகரப் பேணி தொங்கும். தோட்டா வைத்திருப்பவர்கள் போடுவார்கள், காவலுக்கு ஏறுகிறவர் எடுப்பார். நான் நிரப்பியவற்றைப் பெருமையோடு அதில் போட்டேன்.

அந்தப் போகம் மச்சானை வட்டைவிதானையாக்கப் பேச்சு நடந்தது. தண்ணீரும் காவலும் அவன் சொற்படி நடக்கும் என்றால், அவனுக்கு அதைவிடப் பெரிய பதவி இல்லை.

பொழுது சாய்கிற நேரம் தனியன் யானை ஒன்று வட்டைக்குள் இறங்கியது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தால் திரும்பிவிடும். மச்சான் பேணியிலிருந்து தோட்டாவை எடுத்துப் போட்டான். போல்ட் பூட்டவில்லை. இன்னொன்றைப் போட்டான். அதுவும் அப்படியே. யானை பரணை நெருங்க, குதித்து ஓடினான். கதிர் வெளிவராத குடலைப் பயிர் மிதிபட்டது, அதுவும் அடுத்தவருடையது.

விடிந்ததும் வாய்க்கால் கட்டில் பேச்சு.

“யான வந்தா விதானையார்தான் முன்னுக்குப் போவார்கா.”

“ஓம், வீட்டுப் பக்கமா.”

மச்சான் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அவனுடைய ரைபிளை வாங்கி, பேணியில் கிடந்த என் தோட்டா ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். என் துவக்கில் வெடித்த கோது அவனுடையதில் பாதியில் இறுகி நின்றது.

“தெரியும் அத்தான். விடுங்க,” என்றான்.

விட்டிருக்கலாம். விதானைத் தெரிவுக்கான கூட்டத்தில் எழுந்து, அறை, கோது, கழுத்து, முழு உடல் என்று கந்தோர்த் தமிழில் விளக்கினேன். பிழை முழுவதும் என்னுடையது என்றேன். யாரும் நம்பவில்லை. முன்வரிசையில் இருந்த பெருங்காணிக்காரரான வயதான போடியார் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

“மறுகா, கழுத்துச் சுருங்கினது தோட்டாவுக்கா, யானையக் கண்ட மச்சானுக்கா?”

கூட்டம் சிரித்தது. “மச்சானுக்கு மச்சான் சாட்சி” என்று பின்னால் யாரோ சொன்னார்கள். விதானைப் பதவி வேறொருவருக்குப் போயிற்று.

திரும்பும் வழியில் மச்சான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான்.

“அக்காட வீட்டுக்காரர் நிரப்பின தோட்டா பிழையெண்டு நான் எப்பிடி அத்தான் சொல்ற? நான் பயந்து ஓடினனெண்டே இரிக்கட்டும் எண்டு நினைச்சன். இப்ப ரெண்டு பேரையும் சிரிக்கிறானுகள்.”

அவன் மூடி வைத்ததை நான் முறைப்படி திறந்து காட்டியிருந்தேன்.

அடுத்த போகத்துக்கு முழு அச்சு வரவழைத்தேன். கோதுகளைச் சுருக்கி நிரப்பி, இரண்டு ரைபிளிலும் போட்டுச் சரிபார்த்துப் பேணியில் வைத்தேன். வட்டைக்காரர் ஒருவரும் அவற்றைத் தொடவில்லை. மச்சான் மட்டும், காவல் முறை வரும்போதெல்லாம் எல்லாரும் பார்க்க என் தோட்டாக்களில் இரண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பரணில் ஏறுவான். பூட்டுகிறதா என்று ரைபிளில் போட்டுப் பார்க்கவே மாட்டான். அவன் ஏறி முடியும்வரை நான் வரம்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.